ஃபைல் டைம்ஸ்டாம்ப் உண்மையில எவ்வளவு துல்லியம்? நீங்களே அளந்து பாக்க முழு வழிகாட்டி

ஒரு ஃபைல தொடவே இல்ல, ஆனா பேக்கப் ஓட்டுற ஒவ்வொரு தடவையும் அது மறுபடி காப்பி ஆகுது. இல்லன்னா நேர் எதிர்: ஃபைல மாத்தி சேவ் பண்ணிட்டீங்க, ஆனா பில்ட் டூல் (கோட ப்ரோக்ராமா மாத்துற டூல்) ஒண்ணுமே மாறாத மாதிரி சும்மா இருக்கு. இந்த ரெண்டுக்கும் பெரும்பாலும் வேர் ஒண்ணுதான், டைம்ஸ்டாம்ப்போட (ஃபைல் மேல பதிவாகிற நேரத்தோட) துல்லியம் வழியில எங்கயோ வெட்டுப்பட்டிருக்கும்.

புதுசா இதுல இறங்குறவங்க நேரா பேக்கப் டூல் செட்டிங்க நோண்ட ஆரம்பிச்சிடுறாங்க. அது கடைசியா பாக்க வேண்டிய இடம். வட்டுல எந்த அளவுக்கு எழுத முடியும், கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) கடிகாரம் எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் நகருது, எடுத்துட்டு போற டூல் எத்தன இலக்கத்த கீழ போடுது, இந்த மூணும் வேற வேற கேள்வி. வரிசையா ஒவ்வொண்ணா பிரிச்சு பாத்தாதான் எது குத்தவாளின்னு தெரியும், அதனால கீழ இருக்கிற வரிசைய மாத்தாதீங்க.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

முதல்ல ஒரு பேப்பர்ல ஃபைலோட பயணத்த எழுதுங்க. எந்த மெஷின்ல உருவாகுது, எந்த ஃபைல் சிஸ்டத்துல இருக்கு, எந்த டூல் வழியா போகுது, எங்க போய் உக்காருது, கடைசில எந்த ப்ரோக்ராம் ரெண்டு நேரத்தையும் ஒப்பிடுது. இத எழுதாம ஆரம்பிச்சா நடுவுல இருக்கிற ஒரு ஜிப் ஃபைலையோ பென் டிரைவையோ கண்டிப்பா மறந்துடுவீங்க.

ரெண்டாவது, எந்த நேரத்த பத்தி பேசுறோம்னு முடிவு பண்ணுங்க. மாடிஃபைடு டைம்ங்கிறது உள்ளடக்கம் மாறின நேரம், பெரும்பாலும் நமக்கு வேணும்ங்கிறது இதுதான். சிடைம்னு யூனிக்ஸ் குடும்பத்துல சொல்றது உருவான நேரம் இல்ல, ஃபைலோட பெர்மிஷன், ஓனர் மாதிரி தகவலோ உள்ளடக்கமோ கடைசியா மாறின நேரம், அத டச் கமாண்ட் வச்சு நம்ம இஷ்டத்துக்கு மாத்தவும் முடியாது. விண்டோஸ்ல கிரியேஷன் டைம் தனியா இருக்கு. லினக்ஸ்ல உருவான நேரத்த படிக்க ஸ்டாட்எக்ஸ் கால் வேணும், அது கர்னல் 4.11ல வந்தது. ஆக்சஸ் டைம நம்பி எதையும் கட்டாதீங்க: லினக்ஸ்ல டிஃபால்ட்டா ரெலடைம்ங்கிற செட்டிங் ஓடுறதால ஒவ்வொரு தடவ படிக்கும்போதும் அது மாறாது, ஃபேட்னு பென் டிரைவ்கள்ல வர்ற பழைய ஃபைல் சிஸ்டத்துல அதுக்கு தேதி மட்டும்தான் இருக்கு, மணியே கிடையாது.

மூணாவது, பயணத்துல வர்ற ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துலயும் ஒரு காலி ஃபோல்டர் வச்சுக்கோங்க. டெம்ப் ஃபோல்டர்ல டெஸ்ட் பண்ணாதீங்க, பல லினக்ஸ் மெஷின்ல அது மெமரியில இருக்கிற தனி ஃபைல் சிஸ்டம். அங்க ஒன்பது இலக்கமும் அழகா வரும், உங்க டிஸ்க் பத்தி அது எதையும் சொல்லாது. இந்த தப்பத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன்.

2. முழு எண்ணையும் கண்ணால பாருங்க

ஃபைல் மேனேஜர் காட்டுற நேரத்த நம்பாதீங்க, அது நிமிஷத்தோட நிறுத்திடும். லினக்ஸ்ல ஸ்டாட் கமாண்டுக்கு ஃபைல் பேர மட்டும் குடுத்தா போதும், செகண்டுக்கு அப்புறம் ஒன்பது இலக்கமும் வரும். விண்டோஸ்ல பவர்ஷெல் திறந்து கெட்-ஐட்டம் வழியா லாஸ்ட்ரைட்டைம்யுடிசி எடுத்து அதோட டிக்ஸ் மதிப்ப பாருங்க, ஒரு டிக்னா 100 நானோ செகண்ட்.

ஏன் இத முதல்ல செய்யணும்னா, கடைசி இலக்கங்களே பாதி கதைய சொல்லிடும். ஒன்பதும் பூஜ்யமா இருந்தா எங்கயோ செகண்டோட வெட்டியிருக்கு. கடைசி ரெண்டு மட்டும் பூஜ்யம்னா 100 நானோ செகண்ட் கணக்குல போன ஃபைல். பத்து இருபது ஃபைல் பாத்து செகண்ட் எல்லாமே இரட்டை எண்ணா இருந்தா அது ஃபேட் வழியாவோ ஜிப் வழியாவோ வந்திருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். ஒரே ஒரு ஃபைல வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, இரட்டை எண் தற்செயலாவும் வரும்.

3. ஃபைல் சிஸ்டம் எதுன்னு கண்டுபிடிங்க

ஓஎஸ் என்னன்னு தெரிஞ்சா போதாது, ஒரே லினக்ஸ் மெஷின்லயே நாலு வகை ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்கலாம், அதாவது இணைஞ்சிருக்கலாம். டிஎஃப் கமாண்ட்ல டைப் காட்டுற ஆப்ஷனோட பாருங்க.

ஃபேட்ல மாடிஃபைடு டைம் 2 செகண்டுக்கு ஒருதரம்தான். காரணம் எளிசு: நேரத்துக்கு மொத்தமே 16 பிட், மணிக்கு 5, நிமிஷத்துக்கு 6, மிச்சம் 5. அஞ்சு பிட்ல 32 மதிப்புதான் அடங்கும், 60 செகண்ட் அடங்காது, அதனால பாதியாக்கி எழுதுது. அதுலயே கிரியேஷன் டைமுக்கு மட்டும் 10 மில்லி செகண்ட் வரைக்கும் இடம் இருக்கு, இதப் பாத்துட்டு "ஃபேட் துல்லியமாதானே இருக்கு"ன்னு ஏமாந்தவங்க உண்டு.

எக்ஸ்ஃபேட்ல மாடிஃபைடு டைம் 10 மில்லி செகண்ட். என்டிஎஃப்எஸ்ல 100 நானோ செகண்ட், 1601ஆம் வருஷம் ஜனவரி 1ல இருந்து எண்ணுது. மேக்ல பழைய எச்எஃப்எஸ் ப்ளஸ் ஒரு செகண்ட், ஏபிஎஃப்எஸ் ஒரு நானோ செகண்ட். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ரெண்டும் நானோ செகண்ட்.

லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 கிட்ட மட்டும் கொஞ்சம் நிக்கணும். நானோ செகண்ட்னுதான் எல்லாரும் சொல்வாங்க, ஆனா அதுக்கு ஐநோட் (ஒவ்வொரு ஃபைலோட நேரம், ஓனர் மாதிரி தகவல் இருக்கிற பதிவு) 256 பைட்டாவது இருக்கணும். 128 பைட் ஐநோட்ல அந்த எக்ஸ்ட்ரா பிட்ஸ் வைக்க இடமே இல்ல, அதனால ஒரு செகண்டுக்கு இறங்கிடும், 2038 பிரச்சனையும் (அந்த வருஷத்துக்கு அப்புறம் வர்ற நேரத்த எழுத முடியாம போறது) கூடவே வரும். ஈஎக்ஸ்டி3ல இருந்து மாத்தின டிஸ்க்லயும், பழைய டூல் வச்சு ஃபார்மேட் பண்ணின சின்ன பார்ட்டிஷன்லயும் 128 இருக்க வாய்ப்பு உண்டு. ட்யூன்2எஃப்எஸ் கமாண்ட லிஸ்ட் ஆப்ஷனோட ஓட்டி ஐநோட் சைஸ் வரிய பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

4. எழுதுங்க, கழட்டி மாட்டுங்க, அப்புறம் படிங்க

பேப்பர்ல இருக்கிற அளவு போதாது, உங்க டிஸ்க்லயே சோதிக்கணும். ஒரு காலி ஃபைல் உருவாக்கி டச் கமாண்ட்ல தேதி குடுக்கிற ஆப்ஷன வச்சு இந்த நேரத்த செட் பண்ணுங்க: 2021-03-05 10:15:07.123456789.

ஏன் இந்த எண்? செகண்ட் ஒத்தப்படை, அதனால 2 செகண்ட் வெட்டு உடனே தெரியும். பின்னால ஒவ்வொரு இலக்கமும் வேற வேற, அதனால எந்த இடத்துல வெட்டுச்சுன்னு விரல் வச்சு காட்டலாம். சுழியத்துல முடியற நேரத்த குடுத்து சோதிச்சா எல்லா ஃபைல் சிஸ்டமும் பாஸ் ஆயிடும்.

அடுத்தது ரொம்ப முக்கியம்: ஃபைல் சிஸ்டத்த அன்மவுண்ட் பண்ணி மறுபடி மவுண்ட் பண்ணிட்டு அப்புறம் படிங்க. பழைய கர்னல்கள்ல மெமரில இருக்கிற ஐநோட் முழு எண்ணையும் வச்சிருக்கும், டிஸ்க்ல எழுதும்போதுதான் வெட்டும். அதாவது இப்ப பாத்தா 07.123456789ன்னு காட்டும், பென் டிரைவ கழட்டி மாட்டினதும் 06ன்னு காட்டும். காப்பி பண்ணின உடனே சரிபாத்தா எல்லாம் சரியா இருந்துச்சு, மறுநாள் எல்லாமே மாறியிருக்குன்னு வர்ற புகார்ல பாதி இதுதான்.

திரும்ப படிக்கும்போது .123456789ன்னு அப்படியே வந்தா நானோ செகண்ட். .123456700ன்னா என்டிஎஃப்எஸ் வகை. .120000000ன்னா எக்ஸ்ஃபேட். 07ல பின்னம் மொத்தமும் பூஜ்யம்னா ஒரு செகண்ட். 06னோ 08னோ வந்தா ஃபேட். 06ஆ 08ஆங்கிறது எழுதுற டிரைவர பொறுத்தது, லினக்ஸ் கீழ வெட்டும், விண்டோஸ்ல என்டிஎஃப்எஸ்ல இருந்து ஃபேட்டுக்கு காப்பி பண்ணினா மேல தள்ளும். இத நோட் பண்ணி வைங்க, எட்டாவது படில தேவைப்படும்.

5. கடிகாரம் எவ்வளவுக்கு ஒருதரம் நகருதுன்னு அளந்து பாருங்க

இங்கதான் நிறைய பேர் விழறாங்க. ஃபைல் சிஸ்டம் நானோ செகண்ட் எழுதும், சரி, ஆனா எழுத வேண்டிய எண்ண குடுக்கிறது கர்னல். ஒவ்வொரு ரைட்டுக்கும் உண்மையான கடிகாரத்த போய் கேட்டா செலவு அதிகம்னு, லினக்ஸ் கடைசி டிக்ல (கர்னல் கடிகாரத்தோட ஒரு துடிப்பு, பவர்ஷெல் டிக் வேற) எடுத்து வச்ச நேரத்தையே தூக்கி குடுத்துடும். கர்னல் எச்இசட் (ஒரு செகண்டுக்கு எத்தன டிக்) 250னா டிக் 4 மில்லி செகண்ட், 100னா 10, 1000னா 1. அந்த 4 மில்லி செகண்டுக்குள்ள நீங்க அம்பது ஃபைல் எழுதினாலும் அம்பதுக்கும் ஒன்பது இலக்கமும் அச்சு அசலா ஒண்ணா இருக்கும்.

சோதிக்கிறது எப்படின்னா, ஷெல்ல ஒரு லூப் போட்டு ஆயிரம் காலி ஃபைல உருவாக்குங்க. லூப்புக்குள்ள டச் கமாண்ட கூப்பிடாதீங்க, ஒவ்வொரு தடவையும் புது ப்ராசஸ் கிளம்பறதுக்கே நேரம் போயிடும், அளவு கெட்டுடும். ஷெல்லோட ரீடைரக்ஷன வச்சே ஃபைல உருவாக்குங்க. லூப் முடிஞ்ச அப்புறம் எல்லா ஃபைலோட மாடிஃபைடு டைமையும் ஸ்டாட்ல எடுத்து, சார்ட் பண்ணி, ஒரே மாதிரி இருக்கிறத ஒண்ணாக்கி எண்ணுங்க. லூப் ஓட 40 மில்லி செகண்ட் ஆச்சு, டிக் 4னு வச்சுக்கோங்க, ஆயிரம் ஃபைலுக்கு வேற வேற நேரம்னு பத்து பதினொண்ணுதான் தேறும். அடுத்தடுத்த மதிப்ப கழிச்சு பாருங்க, .512340917, .516340921 அப்படின்னு ஏறக்குறைய 4 மில்லி செகண்ட் இடைவெளி தெரியும். அதுதான் உங்க மெஷினோட உண்மையான படி.

ஒரு எச்சரிக்கை. எச்இசட் தெரிஞ்சுக்க கெட்கான்ஃப் கமாண்ட்ல சிஎல்கே_டிசிகே கேட்டு, 100னு வந்ததும் "அப்ப டிக் 10 மில்லி செகண்ட்"னு எழுதி வச்சவங்க நிறைய. அந்த 100 யூசர் ப்ரோக்ராம்களுக்கு காட்டுற எண், கர்னல் உள்ள எதுல ஓடுதுன்னு அது சொல்லாது. கர்னல் கான்ஃபிக் ஃபைல்ல பாருங்க, இல்ல மேல சொன்ன மாதிரி அளந்து பாருங்க.

லினக்ஸ் 6.13ல இருந்து மல்டிகிரெய்ன் டைம்ஸ்டாம்ப் வந்திருக்கு, ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், டிஎம்பிஎஃப்எஸ் எல்லாத்துலயும் வேலை செய்யும். ஒரு ஃபைலோட நேரத்த யாராவது கேட்டுட்டு போனதுக்கு அப்புறம் அது மறுபடி மாறினா மட்டும் கர்னல் உண்மையான கடிகாரத்த பாத்து எழுதும், யாரும் கேக்கலன்னா பழைய டிக் நேரமே போதும்னு விட்டுடும். அதனால ஆயிரம் ஃபைல் சோதனைல புது கர்னல்லயும் அதே பத்து பதினொண்ணுதான் வரும், "புது வசதி வேலை செய்யல"ன்னு முடிவு கட்டிடாதீங்க. அதுக்கு சோதனை வேற: ஒரே ப்ரோக்ராமுக்குள்ள ஒரு ஃபைல்ல எழுது, நேரத்த படி, உடனே மறுபடி எழுது, மறுபடி படி. ரெண்டு நேரமும் வேற வேறயா வந்தா அந்த வசதி இருக்கு.

நெட்வொர்க் டிரைவ்னா இன்னொரு சிக்கல், ரைட்டுக்கான நேரத்த பெரும்பாலும் சர்வர் கடிகாரம்தான் போடும், உங்க மெஷின் கடிகாரம் இல்ல. அதோட என்எஃப்எஸ் கிளையன்ட் ஃபைல் தகவல டிஃபால்ட்டா 3 செகண்ட்ல இருந்து 60 செகண்ட் வரைக்கும் கேஷ்ல வச்சிருக்கும், வேற மெஷின்ல மாறினது அதுவரைக்கும் உங்களுக்கு தெரியாமயே போகலாம். ரெண்டு மெஷின் கடிகாரமும் 30 மில்லி செகண்ட் விலகி இருந்தா, ஒன்பது இலக்கம் இருந்தும் எது முன்னாடி மாறிச்சுன்னு சொல்ல முடியாது.

6. எடுத்துட்டு போற டூல சோதிங்க

இப்ப அந்த 07.123456789 ஃபைலையே எடுத்து, பயணத்துல வர்ற ஒவ்வொரு டூல் வழியாவும் தனித்தனியா அனுப்பி, அந்த பக்கம் போய் படிங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சுல அனுப்பாதீங்க, எந்த கட்டத்துல வெட்டுச்சுன்னு தெரியாது. போற இடம் நானோ செகண்ட் ஃபைல் சிஸ்டமா இருக்கணும், அப்பதான் பழி டூல் மேலயா டிஸ்க் மேலயான்னு பிரிக்கலாம்.

சிபி கமாண்ட்ல ப்ரிசர்வ் ஆப்ஷன் போடலன்னா நேரமே புதுசாயிடும். பல ஃபைல ஒண்ணா கட்டுற டார் டூலோட பழைய ஃபார்மேட்லயும் ஜிஎன்யூ ஃபார்மேட்லயும் முழு செகண்ட்தான், போசிக்ஸ் ஃபார்மேட்னு சொல்லி உருவாக்கினா பின்னமும் கூட போகும். ஜிப்ல அடிப்படை நேரம் பழைய டாஸ் வடிவம், அதாவது 2 செகண்ட், அதுவும் லோக்கல் டைம். சில டூல் கூடுதல் ஃபீல்ட்ல ஒரு செகண்ட் வரைக்கும் யுடிசியா வைக்கும், சிலது வைக்காது. எஸ்எஃப்டிபில புழக்கத்துல இருக்கிற மூணாவது வெர்ஷன் முழு செகண்ட் மட்டும்தான் அனுப்பும்.

ஃபைல்கள ஒப்பிட்டு மாறினத மட்டும் காப்பி பண்ற ஆர்சிங்க் தனி கதை. 3.1.0ல இருந்து நானோ செகண்டையும் கொண்டு போய் சேக்கும், ஆனா ஒப்பிடும்போது டிஃபால்ட்டா முழு செகண்ட மட்டும்தான் பாக்கும். அதாவது ஒரே செகண்டுக்குள்ள ஃபைல் மாறி, சைஸும் அதே இருந்தா, மாறலன்னு நெனச்சு விட்டுடும். எத்தன செகண்ட் வித்தியாசம் வரைக்கும் ஒண்ணா எடுத்துக்கணும்னு சொல்ற மாடிஃபை விண்டோ ஆப்ஷனுக்கு மைனஸ் 1 குடுத்தா நானோ செகண்டையும் பாக்கும், வாங்குற பக்கம் 3.1.3 இல்ல அதுக்கு மேல இருக்கணும்.

7. உங்க ப்ரோக்ராம் எண்ண எப்படி வாங்குதுன்னு பாருங்க

டிஸ்க், டூல் ரெண்டும் சரியா இருந்தும், கோடுல எண் தேஞ்சு போகும். பைத்தான்ல எஸ்டி_எம்டைம் (மாடிஃபைடு டைம்) ஒரு ஃப்ளோட், அதாவது தசம எண். ஃப்ளோட்ல 53 பிட்தான் துல்லியம், இன்னைக்கு தேதிக்கு நானோ செகண்ட் எண்ணிக்கைக்கு 61 பிட் வேணும். இந்த அளவு பெரிய எண்ணுல ஃப்ளோட் பாக்கிற படி ஏறக்குறைய 238 நானோ செகண்ட். அதனால ஒரு ஃபைலோட நேரத்த ஃப்ளோட்டா வாங்கி அப்படியே இன்னொண்ணுக்கு செட் பண்ணினா, காப்பி ஒரிஜினல விட நூறு இருநூறு நானோ செகண்ட் பழசாயிடலாம், அது போதும், அடுத்த ஒப்பீட்டுல காப்பி காலாவதின்னு வந்து நிக்கும்.

தீர்வு: எஸ்டி_எம்டைம்_என்எஸ் எடுங்க, அது முழு எண், பைத்தான் 3.3ல இருந்து இருக்கு. செட் பண்ணும்போதும் யூடைம்ல என்எஸ் பேர்ல இருக்கிற ஆர்க்யுமென்ட்டையே குடுங்க. நோட் ஜேஎஸ்ல பிக்இன்ட் ஆப்ஷன் போட்டு எம்டைம்என்எஸ் எடுங்க. டேட்டாபேஸ்ல வைக்கும்போதும் 64 பிட் முழு எண்ணா வைங்க, ரியல் டைப் காலம்ல போட்டா அங்க மறுபடி தேயும்.

8. ஒப்பிடுற ரூல இப்ப எழுதுங்க

இதுவரைக்கும் எடுத்த அளவுல எது மோசமோ அதுதான் உங்க அலகு. டிஸ்க் நானோ, டிக் 4 மில்லி, நடுவுல ஜிப் 2 செகண்ட்னா உங்க அலகு 2 செகண்ட்.

ஃபேட் வழில இருந்தா ஆர்சிங்க்ல மாடிஃபை விண்டோ 1ன்னு எல்லாரும் சொல்வாங்க. கீழ வெட்டுற டிரைவர்னா அது போதும்: 07 வந்து 06 ஆகும், வித்தியாசம் 1. மேல தள்ளுற பக்கம்னா 06.1 வந்து 08 ஆயிடும், முழு செகண்ட் கணக்குல வித்தியாசம் 2, அப்ப 2 குடுங்க. விண்டோஸ் ரோபோகாப்பில எஃப்எஃப்டி ஸ்விட்ச் இதுக்குன்னே இருக்கு. வித்தியாசம் சரியா ஒரு மணி நேரம்னா அது துல்லிய பிரச்சனையே இல்ல, ஃபேட் லோக்கல் டைம்ல எழுதுறதால கோடை நேர மாற்றத்துல வர்றது, ரோபோகாப்பில அதுக்கு டிஎஸ்டி ஸ்விட்ச் தனி. விண்டோவ 3600 செகண்டுக்கு நீட்டி இத சரி பண்ணினத ஒருதரம் பாத்தேன், நிஜமா மாறின ஃபைல்களும் பேக்கப்புக்கு போகாம நின்னுச்சு.

பேக்கப்புக்கு "புதுசா இருந்தா காப்பி பண்ணு"ன்னு ரூல் வைக்காதீங்க, "வேறயா இருந்தா காப்பி பண்ணு"ன்னு வைங்க. பழைய ஃபைல எங்கயிருந்தோ மீட்டு கொண்டு வந்து வச்சா அதோட நேரம் பழசாதான் இருக்கும், புதுசான்னு மட்டும் கேட்டா அது போகவே போகாது.

மேக் (make)னு ஒரு பில்ட் டூல் இருக்கு, ஆப்பிள் மேக் இல்ல, அதுல இன்னொரு வலி உண்டு. சோர்ஸ் 07.483, அத நேரத்தோட காப்பி பண்ணி உருவாக்கின டார்கெட் செகண்டோட வெட்டுப்பட்டு 07.000 ஆயிடுச்சுன்னா, டார்கெட் எப்பவுமே சோர்ஸ விட பழசு, ஒவ்வொரு தடவையும் ரீபில்ட். ஜிஎன்யூ மேக்ல லோ ரெசல்யூஷன் டைம்னு ஒரு ஸ்பெஷல் டார்கெட் இருக்கு, அந்த ஃபைல் பேர அதுல சேத்துட்டா முழு செகண்ட்ல ஒண்ணா இருந்தா போதும்னு எடுத்துக்கும்.

நீங்களே மாற்றத்த கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம் எழுதுறீங்கன்னா, கிட் (கோடோட வெர்ஷன்கள வச்சிருக்கிற டூல்) செய்யறத அப்படியே எடுத்துக்கோங்க. இன்டெக்ஸ்ங்கிற ஃபைல் பட்டியல எழுதின நேரத்துக்கு சமமாவோ அதுக்கு அப்புறமாவோ ஒரு ஃபைலோட நேரம் இருந்தா, கிட் அந்த நேரத்த நம்பாது, உள்ளடக்கத்தையே திறந்து ஒப்பிட்டு பாக்கும். காரணம், நீங்க பட்டியல் எடுத்த அதே டிக்குள்ள அந்த ஃபைல் மறுபடி மாறியிருந்தா நேரம் மாறியே இருக்காது. உங்க ரூலும் அதேதான்: பட்டியல் எடுத்த நேரத்துல இருந்து உங்க அலக கழிங்க, அதுக்கு முன்னாடி மாறின ஃபைலுக்கு மட்டும் நேரத்த நம்புங்க, மத்தத ஹேஷ் (உள்ளடக்கத்துல இருந்து கணக்கிடுற அடையாள எண்) போட்டு பாருங்க. நேரத்தோட சைஸ், ஐநோட் நம்பர், சிடைம் மூணையும் சேத்து வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, டச் போட்டு பழைய நேரத்த திருப்பி வச்சாலும் சிடைம் காட்டிக் குடுத்துடும்.

9. மறுபடி சோதிக்கணும்னா எப்ப

கர்னல் அப்டேட் ஆனா அஞ்சாவது படி மட்டும். டிஸ்க் மாத்தினா, ரீஃபார்மேட் பண்ணினா மூணும் நாலும். டூல் வெர்ஷன் மாறினா ஆறு. நான் இந்த சோதனைகள ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டா எழுதி, பேக்கப் ஜாப் தொடங்கறதுக்கு முன்னாடி அந்த 07.123456789 ஃபைல ஒருதரம் அனுப்பி படிக்க வச்சிருக்கேன், எதிர்பாத்த இலக்கம் வரலன்னா ஜாப் அங்கேயே நின்னுடும், எந்த கட்டத்துல எந்த எண் வந்துச்சுன்னு லாக்ல ஒரு வரி விழும்.